தேறல்: மூங்கில் குழாயும் ஓக் பீப்பாயும்

கள்ளுக்குத் தமிழ்ல எத்தனை பேர் இருக்குன்னு ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். கள், நறவு, மட்டு, தோப்பி, பிழி, அரியல், தேறல். சங்கப் பாட்டுகளை மட்டும் புரட்டினாலே ஒரு கை விரல் தீர்ந்து அடுத்த கைக்குப் போக வேண்டியிருக்கு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல் கடைசியா இருக்கிற தேறல். தேறுதல்னா தெளிதல். மண்டி எல்லாம் அடியில தங்கி, மேல தெளிவா நிக்கிறது தேறல். பேருக்குள்ளயே ஒரு காத்திருப்பு இருக்கு பாருங்க. கள்ளை இறக்கலாம், பிழியலாம், அரிக்கலாம். தேறலை மட்டும் அவசரப்படுத்த முடியாது. அதுவா தேறணும்.

இந்தச் சொல்லை நான் தேடிப் போனதுக்குக் காரணம் ஒரு வெளிநாட்டு பீர். அதைச் சொல்லிட்டு சரித்திரத்துக்குப் போயிடறேன்.

பெங்களூர்ல இருக்கிற காலேஜ் நண்பன் ஒருத்தன் அமெரிக்கா போயிட்டு வரும்போது ஒரு பாட்டில் கொண்டு வந்திருந்தான். போர்பன் விஸ்கி வச்சிருந்த ஓக் பீப்பாயில ஏறக்குறைய ஒரு வருஷம் ஊறின ஸ்டவுட். சாராயச் சத்து 13 சதவீதம். நம்ம ஊர்க் கடைகள்ல 'ஸ்ட்ராங்'னு விக்கிற பீரே 8 சதவீதத்தைத் தாண்டாது. கிளாஸ்ல ஊத்தினா பீர் மாதிரியே இல்ல. கருப்பட்டிப் பாகு கணக்கா மெதுவா இறங்குது, நுரையும் பேருக்குத்தான். மூக்குக்கிட்ட கொண்டு போனா முதல்ல வெண்ணிலா, அப்புறம் கருகின சர்க்கரை, அதுக்கும் பின்னாடி தேங்காய் வறுத்த வாசனை. வாயில வச்சா இனிப்பு. ஆனா பாயசம் மாதிரி திகட்டுற இனிப்பு இல்ல, வறுத்த தானியத்தோட கசப்பு வந்து அந்த இனிப்பைப் பிடிச்சு நிறுத்துது. நாலு பேரு சேர்ந்து ஒரு மணி நேரமா ஒரே பாட்டிலைக் குடிச்சோம். மடமடன்னு குடிக்கிற சரக்கே இல்ல அது.

இந்த வித்தை 1990கள்ல சிகாகோ பக்கம் ஆரம்பிச்சுப் பரவினது. காரணம் கொஞ்சம் வேடிக்கையானது. போர்பன்னு பேர் வைக்கணும்னா உள்பக்கம் கருக்கின புது ஓக் பாத்திரத்துலதான் அதை வைக்கணும்னு அமெரிக்கச் சட்டம். அதனால ஒரு தடவை போர்பன் வச்ச பீப்பாய், மறுபடி போர்பனுக்கு ஆகாது. அப்படிக் கழிச்சுப் போட்ட பீப்பாய்களை பீர்க்காரங்க வாங்கிக்கிட்டாங்க. மரத்துல ஊறியிருக்கிற விஸ்கி பீருக்குள்ள இறங்குது. கருக்கின ஓக்ல இருந்து வெண்ணிலா வாசனை வருது. மரத்தோட நுண்ணிய துளைகள் வழியா கொஞ்சம் கொஞ்சமா காத்து போய் முரட்டு ருசியைத் தணிக்குது. இனிப்பு எங்கிருந்து வருதுன்னா, முளைகட்டின பார்லியில ஈஸ்ட்டால தின்ன முடியாத பெரிய மாவுச்சத்துத் துண்டுகள் மிஞ்சிடுது. பார்லியை நிறையப் போட்டுக் காய்ச்சினா அதுவும் நிறைய மிஞ்சும். பார்லி, ஈஸ்ட், மரம் மூணும் அவங்கவங்க வேலையைப் பார்க்குது. மனுஷன் செய்ய வேண்டிய வேலை ஒண்ணுதான், கை வைக்காம இருக்கிறது.

நண்பன், "இதெல்லாம் வெள்ளைக்காரன் பொறுமைடா, நம்மாளுக்கு வராது"ன்னான். எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு. ஊருக்கு வந்ததும் பத்துப்பாட்டை எடுத்தேன்.

மூங்கிலுக்குள் விளைந்தது

எங்க திண்டுக்கல் மாவட்டத்துக்காரங்களுக்குத் திருமுருகாற்றுப்படை சொந்தப் பாட்டு மாதிரி. அதுல வர்ற திருவாவினன்குடி நம்ம பழனிதான். அதே பாட்டுல குன்றுதோறாடல்ங்கிற பகுதியில, மலைக்குறவர்கள் சுற்றத்தோட சேர்ந்து தேன்கள் தேறலைக் குடிச்சுட்டுக் குரவை ஆடுறாங்க. அந்தத் தேறல் எங்க விளைஞ்சுதுன்னு புலவர் கணக்கா சொல்றார்: நீண்ட மூங்கிலுக்குள்ள. மலைபடுகடாம்லயும் இதே மூங்கில் தேறல் வருது. குறிஞ்சிப்பாட்டுலயும் வருது. மூணு பாட்டுல மூங்கில் வருதுன்னா அது ஒரு புலவரோட கற்பனை கிடையாது, மலையில நடந்துக்கிட்டிருந்த பழக்கம்.

இது ஏன் பெரிய விஷயம்னு புரியணும்னா பனங்கள்ளோட குணம் தெரியணும். பதநீர்ல நூத்துக்கு 10, 12 பங்கு சர்க்கரை இருக்கு. கலயத்துல சுண்ணாம்பு தடவலைன்னா மரத்து உச்சியிலயே புளிக்க ஆரம்பிச்சுடும். காலையில இறக்கின கள் சாயங்காலத்துக்குள்ள 4, 5 சதவீதச் சாராயச் சத்துக்கு வந்துடும். மறுநாள் காடியை நோக்கி நடக்கும். அப்போ நாள்பட வைக்கிற தேறல் எப்படி வந்துச்சு? தேன்ல. தேன்ல சர்க்கரை அதிகம், அதனால புளிச்சா சாராயச் சத்தும் ஏறும். சத்து ஏறினது சீக்கிரம் கெடாது. மூங்கிலோட கணு ரெண்டு பக்கமும் இயற்கையாவே அடைப்பு, உள்ளே காத்து குறைச்சல். பீப்பாய்க்கு என்ன தர்மமோ அதேதான் மூங்கிலுக்கும். பழனி மலையிலயும் சிறுமலையிலயும் இன்னிக்கும் பளியர்கள் பாறையில தொங்கித் தேன் எடுக்கிறாங்க. மூங்கிலும் அதே மலையிலதான் இருக்கு. சரக்கும் பாத்திரமும் ஒரே காட்டுல.

மூங்கில் ஒரு வழி, மண் இன்னொரு வழி. கபிலர் பாரியோட பறம்பு நாட்டைப் பாடின புறநானூறு 120ல, நிலத்துல புதைச்சு முதிர வச்ச மட்டுத் தேறல் வருது. பறம்புங்கிறது இன்னிக்குப் பிரான்மலை. நம்ம நத்தம் தாண்டினா எட்டிப் பிடிச்சுடலாம். மண்ணுக்குள்ள வெயில் ஏறாது, சூடு ஒரே சீரா இருக்கும். வெளிநாட்டுல நிலவறை கட்டினதும் இதே காரணத்துக்குத்தான்.

முதிர்ந்த தேறல் எவ்வளவு வேகம்? ஔவையார் புறநானூறு 392ல தேள் கடுப்போட அதை ஒப்பிடுறார். தேள் கொட்டினா எப்படி ஏறுமோ அப்படி ஏறுமாம். நாள்பட்டதுங்கிற சொல்லையும் சேர்த்தே போடுறார். வருஷக்கணக்கை பாட்டில் லேபிள்ல அச்சடிச்சுப் பெருமைப்படுற இந்தக் காலத்துக்கு முன்னாடியே, நாள் கூடக் கூட மதிப்புன்னு நம்ம பாட்டி தெளிவா இருந்திருக்காங்க :-)

எனக்கு ரொம்பப் பிடிச்சது குறிஞ்சிப்பாட்டு மயில். பழமும் தேனும் பாறைச் சுனையில விழுந்து, யாரும் கை வைக்காமலே அங்கேயே தேறலா விளைஞ்சிருக்கு. மயில் அதைத் தண்ணின்னு நினைச்சுக் குடிச்சுடுது. அப்புறம் திருவிழாக் களத்துல கயித்து மேல நடக்கிற ஆட்டக்காரி மாதிரி தள்ளாடுது. இதைவிட அழகா ஒரு போதையை யாரும் எழுதினதா எனக்குத் தெரியல.

அரிசியில் ஒரு பீர்

"அதெல்லாம் தேன், கள். பீர்னா தானியத்துல காய்ச்சணுமே"ன்னு நண்பன் போன்ல மடக்கினான். அதுக்கும் பதில் இருக்கு. பெரும்பாணாற்றுப்படையில கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு சமையல் குறிப்பே கொடுத்திருக்கார். தீட்டாத அரிசியைக் களியாத் துழாவி, வாயகன்ற பாத்திரத்துல ஆற வச்சு, புத்துக்குள்ள இருக்கிற குரும்பி மாதிரி தோற்றம் உள்ள அடையை அதுல கலந்து, ரெண்டு பகல் ரெண்டு ராத்திரி போக விட்டு, சாடியில விளைய வச்சு, விரலால அலசிப் பிழியறது. சுட்ட மீனோட குடிக்கக் கிடைக்கும்னு பாணனுக்கு ஆசை காட்டுறார்.

அந்த அடை என்னங்கிறதுல ருசியான சிக்கல் இருக்கு. முளைகட்டின நெல்லை இடிச்ச மாவுன்னு எடுத்துக்கிட்டா, பார்லி மால்ட் செய்ற வேலையையே அது செய்யுது. மாவுச்சத்தை உடைச்சுச் சர்க்கரையாக்குது. அப்போ அது பீரேதான். பூஞ்சை பிடிச்ச அடைன்னு எடுத்துக்கிட்டா, ஜப்பானோட சாக்கே, ஜார்க்கண்ட் பக்கத்து ஹண்டியா இதுகளுக்குச் சொந்தம். எப்படிப் பார்த்தாலும் தானியத்துல காய்ச்சின சரக்கு. வீட்டுல காய்ச்சின இதே வகைக்குத் தோப்பின்னு தனிப் பேரும் அதே பாட்டுல இருக்கு.

ஒண்ணு ஞாபகம் வச்சுக்கணும். இதையெல்லாம் பாடின அதே மொழியிலதான் கள்ளுண்ணாமைன்னு ஒரு முழு அதிகாரத்தை வள்ளுவர் வச்சார். ரெண்டும் நம்ம சொத்து. ஒண்ணை மறைச்சுட்டு இன்னொண்ணை மட்டும் காட்டுறது சரித்திரம் ஆகாது.

கப்பலில் வந்த பீப்பாய்

வெளிநாட்டுச் சரக்கும் நமக்குப் புதுசு கிடையாது. பாண்டியன் நன்மாறனுக்கு யவனர் கொண்டு வந்த மணம் கமழும் தேறலைப் பெண்கள் பொற்கலத்துல ஊட்டுறதா நக்கீரர் புறநானூறு 56ல பாடுறார். 1945ல மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டினப்போ, ஒயின் வந்த ரோமானிய மண் சாடிகளோட ஓடுகள் கிடைச்சுது. வைகை கடல்ல கலக்கிற இடத்துக்குப் பக்கத்துல அழகன்குளத்துலயும் அந்த ஓடுகள் கிடைச்சிருக்கு. அந்த வைகைதான் நம்ம நிலக்கோட்டை பக்கம் அணைப்பட்டி வழியா ஓடுது.

பீப்பாய்ங்கிற சொல்லே கப்பல்ல வந்ததுதான். போர்த்துக்கீசியர் பீபான்னாங்க, நாம பீப்பாய்னோம். அவங்க மதேரா தீவுல இருந்து இந்தியாவுக்குக் கிளம்பின ஒயின் பீப்பாய்களுக்கு ஒரு அதிசயம் நடந்துச்சு. கப்பல் அடிவயித்துச் சூட்டுல, பூமத்திய ரேகையைத் தாண்டிக் குலுங்கிக் குலுங்கி வந்ததுல ஒயின் கெடல, ருசி கூடிடுச்சு. அப்புறம் வேணும்னே பீப்பாயைக் கப்பல்ல ஏத்தி இந்தியா வரைக்கும் ஒரு சுத்து சுத்தித் திரும்பக் கொண்டு போய் அதிக விலைக்கு வித்தாங்க.

பீருக்கும் அதே கதை. லண்டன் கிழக்குல போ மதுவாலை வச்சிருந்த ஹாட்ஜ்சன் குடும்பம், கம்பெனி கப்பல் கேப்டன்களுக்குக் கடனுக்கு பீர் கொடுத்துது. ஹாப்ஸ் அதிகமாப் போட்ட அந்த பீர் ஆப்பிரிக்காவைச் சுத்தி நாலைஞ்சு மாசம் பீப்பாயிலயே கிடந்து, மதராசுக்கும் கல்கத்தாவுக்கும் வந்து சேர்றப்போ முதிர்ந்திருந்துச்சு. இன்னிக்கு உலகம் பூரா இண்டியா பேல் ஏல்னு விக்கிறாங்களே, அந்தப் பேர்ல இருக்கிற இண்டியா நாமதான்.

1790ல கம்பெனிப் படை திண்டுக்கல் கோட்டையைப் பிடிச்சுது. 1792 ஸ்ரீரங்கப்பட்டின உடன்படிக்கையில சீமையே கம்பெனி கைக்கு வந்துச்சு. குளிர்பதனம் இல்லாத காலத்துல பீர் காய்ச்ச மலைக் குளிர் வேணும். அதனால பின்னாடி நீலகிரியில மதுவாலைகள் வந்துச்சு. அதுகளையும் பெங்களூர் ஆலைகளையும் தாமஸ் லீஷ்மன்ங்கிற ஸ்காட்லாந்துக்காரர் 1915ல ஒண்ணாச் சேர்த்ததுதான் யுனைடெட் புரூவரீஸ். ஆரம்பத்துல அதுவும் சிப்பாய்களுக்குப் பெரிய பெரிய மர பீப்பாயிலதான் பீர் அனுப்புச்சு.

தேறலுக்கு நிஜமான சொந்தக்காரனைத் தேடினா கடல் தாண்டணும். இலங்கையில நுவரெலியா மலையில 1881ல ஒரு மதுவாலை வந்துச்சு. அங்க பிறந்த லயன் ஸ்டவுட் கறுப்பு, இனிப்பு, 8 சதவீதத்துக்கு மேல. பெங்களூர்ல நான் குடிச்சதுக்குச் சித்தப்பா பையன்னு சொல்லலாம். பீர் எழுத்தாளர் மைக்கேல் ஜாக்சன் (ஆடுறவர் இல்லைங்க, இவர் வேற) அதை உலகத்துக்கே அறிமுகப்படுத்தினார். தென்னங்கள்ளையும் அங்க வீணாக்கல. காய்ச்சி வடிச்சு, ஹல்மில்ல மரத் தொட்டிகள்ல வருஷக்கணக்கா வச்சு அரக்கு ஆக்கினாங்க. அந்த மலைத் தோட்டங்கள்ல தேயிலை கிள்ளப் போனதுல மதுரை, திண்டுக்கல், திருச்சி பக்கத்துச் சனங்க ஏராளம். 1964 சாஸ்திரி - சிரிமாவோ ஒப்பந்தத்துக்கு அப்புறம் திரும்பினவங்கள்ல ஒரு பகுதி கொடைக்கானல் மலையில குடியேறினாங்க.

மண்ணுக்குள் போனது வேற ஒண்ணு

இங்க நமக்கு என்ன ஆச்சு? 1886 மதராஸ் அப்காரிச் சட்டம் மரத்தையும் கடையையும் சர்க்கார் கணக்குல கொண்டு வந்துச்சு. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம். ஏலம் எடுத்தவன் வருஷத்துக்குள்ள போட்ட காசை எடுக்கணும், சரக்கை முதிர வைக்க அவனுக்கு எங்க நேரம்? குடியால குடும்பங்கள் அழிஞ்சதும் நிஜம். 1921ல பெரியார் தன் தோப்புல இருந்த தென்னை மரங்களையே வெட்டிச் சாய்ச்சார். நாகம்மையும் கண்ணம்மாவும் கள்ளுக்கடை மறியல்ல நின்னாங்க. ராஜாஜி 1937ல சேலத்துல மதுவிலக்கு கொண்டு வந்தார். விட்டுப் போன வருமானத்தை ஈடுகட்ட 1939ல வந்ததுதான் விற்பனை வரி. 1948ல மாகாணம் முழுக்க மதுவிலக்கு. 1971ல திறப்பு, 1974ல மூடல், 1981ல மறுபடி திறப்பு. 1987ல கள்ளுக்கும் சாராயத்துக்கும் மறுபடி தடை. சாராயம் இடையில ஒரு தடவை மலிவு விலை மதுவா வந்து போச்சு. கள்ளுக்கு 1987ல போட்ட பூட்டு இன்னும் தொங்குது. பூட்டுக்குப் பேர் போன ஊர்க்காரன் சொல்றேன், இவ்வளவு நாள் தாங்கின பூட்டு எங்க ஊர்லயே கம்மி. 2003ல டாஸ்மாக் சில்லறைக் கடைகள் வந்துச்சு. பக்கத்துக் கேரளாவுல கள்ளுக்கடை இருக்கு. இங்க கள் குற்றம், குவார்ட்டர் வருமானம்.

வேடசந்தூர் பக்கம் எங்க தாத்தா ஊர்ல ஒரு பனையேறி இருக்கார். எண்பது வயசு. ஊர் முறைக்குப் பெரியப்பா. பாளை அரிவாளும் அருவாப் பெட்டியும் இன்னும் வீட்டு விட்டத்துல தொங்குது. மூங்கில் தேறல் கதையை அவர்கிட்ட சொன்னேன். சிரிச்சார்.

"கள்ளு என்ன ஊறுகாயா தம்பி, எடுத்து வச்சுக்க? காலையில எறக்குனா பொழுது சாயறதுக்குள்ள தீரணும்."

"தேன்ல செஞ்சிருக்காங்க பெரியப்பா. மண்ணுல புதைச்சும் வச்சிருக்காங்க."

கொஞ்ச நேரம் பேசாம இருந்தார். அப்புறம், "மண்ணுல புதைச்சதை நானும் பார்த்திருக்கேன் தம்பி. தடை காலத்துல. ஊறல் பானை. போலீசுக்குப் பயந்து புதைச்சது. முதிரட்டும்னு எவன் புதைச்சான்? ராவோட ராவா எடுத்துக் காய்ச்சி வித்துடணும்"னார்.

இந்தக் கட்டுரையில நான் சொல்ல வந்தது முழுக்க அந்த மூணு வரியில இருக்கு. கபிலர் காலத்துலயும் பானை மண்ணுக்குள்ள போச்சு. 20ஆம் நூற்றாண்டுலயும் போச்சு. முன்னது நம்பிக்கையில புதைச்சது: நாளைக்கும் இந்த மண் என்னது, அடுத்த வருஷமும் விருந்தாளி வருவான். பின்னது பயத்துல புதைச்சது. பயந்தவன் காத்திருக்க மாட்டான். வேகம் போதலைன்னா கையில கிடைச்சதைக் கலப்பான். 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60க்கும் மேல உயிர் போச்சே, அது மெத்தனால். தேள் கடுப்புன்னு ஔவை சொன்னது உவமை. இது நிஜ விஷம்.

பொறுமை ஒரு இனத்தோட ரத்தத்துல வர்றது இல்லைங்க. சட்டம், நிலம், முதல், பயமில்லாத நாள் இதெல்லாம் இருந்தா வரும். நண்பனோட வார்த்தைக்கு என் பதில் இதுதான். அமெரிக்காவுலயே 1920ல இருந்து 1933 வரைக்கும் மதுவிலக்கு இருந்தப்போ குளியல் தொட்டியில சரக்கு கலக்கினாங்கன்னுதான் கதை கதையாச் சொல்றாங்க. தடை போய் ரெண்டு தலைமுறை கழிச்சுத்தான் பீப்பாய் பீர் வந்துச்சு.

நான் எல்லாரும் குடிங்கன்னு சொல்லல. குடிச்சுட்டு வர்ற புருஷனுக்காகப் பாதி ராத்திரி வரைக்கும் முழிச்சிருக்கிற பெண்கள் எங்க தெருவுலயும் இருக்காங்க. அவங்ககிட்ட போய்த் தேறல் பெருமை பேச எனக்கு வாய் வராது. ஆனா தடை போட்டும் அந்தப் புருஷன் குடிக்கிறதை நிறுத்தல. நின்னு போனது பனையேறிங்க தொழில்தான். பெரியப்பாவோட ரெண்டு பையன்களும் திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்காங்க. ஒருத்தருக்கும் தளைநார் கட்டத் தெரியாது. 2021ல பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேணும்னு அரசு அறிவிச்சுது, நல்ல விஷயம். மரத்தைக் காப்பாத்திடலாம். அதுல ஏறத் தெரிஞ்ச கடைசி ஆளை எந்த உத்தரவு காப்பாத்தும்?

பதநீரைக் கருப்பட்டியாக்கத் தெரிஞ்ச கை, தேனை மூங்கில்ல அடைக்கத் தெரிஞ்ச கை, அரிசியை முளைகட்டத் தெரிஞ்ச கை. இதுல முதல் கை மட்டும் மிச்சம் இருக்கு, அதுவும் நடுங்கிக்கிட்டு. மத்த ரெண்டும் பாட்டுல மட்டும்தான்.

உங்க ஊர்ப் பக்கம் தேன்லயோ அரிசியிலயோ வீட்டுல ஊற வச்ச பழக்கத்தை யாராவது பெரியவங்க சொல்லக் கேட்டிருந்தா பின்னூட்டத்துல எழுதுங்க. மருந்துன்னு பேர் சொல்லி வச்சிருந்தாலும் பரவாயில்ல, நாங்க கண்டுக்க மாட்டோம் :-)

டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். இந்தப் பதிவைப் படிச்சுட்டு யாரும் மூங்கில் வெட்ட சிறுமலைக்குக் கிளம்பிட வேண்டாம். வனத்துறை பிடிச்சா நான் பொறுப்பில்ல.